சினிமா ஸ்டூடியோ பார்த்த மாணவர்கள்

(கல்லூரி மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போன மாதம் நீங்கள் 41 பேர் ஒன்றாகச் சேர்ந்து, சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சினிமா ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பார்த்ததை ஆளுக்கொரு கட்டுரையாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தைத்து என்னிடம் கொடுத்து, இதைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். அபிப்பிராயம் சொல்லுவது என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் பாராட்டிவிட்டுப் போவது என்றுதான் அர்த்தம். கல்யாண வீட்டில் சாம்பார் தீய்ந்து போயிருந்தாலும் "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வருகிறோமல்லவா, அந்த மாதிரி. நீங்களும் ஸ்டூடியோவிலிருந்த பார்வையாளர் புத்தகத்தில் உங்கள் எல்லோர் சார்பாகவும் எழுதிவிட்டு வந்தது, "மிக நன்று. மனமார்ந்த நன்றி" என்ற நாலே வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்கும் இந்த 41 கட்டுரைகளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றித்தான் இன்று நான் பேசப் போகிறேன்.

நான் 41 கட்டுரைகளையும் எழுத்துவிடாமல் படித்தேன். படித்துக் கணக்கும் எடுத்தேன். ஒரு நடிகரைப் பார்த்ததைப் பற்றியே முழுவதும் எழுதினவர்கள் 29 பேர். யந்திரங்களைப் பற்றி எழுதினவர்கள் 7 பேர். அங்கு நடந்த பூசையையும், சாமிப் படத்துக்காகப் போட்டிருந்த கோயில் செட்டையும் பற்றி எழுதினவர்கள் 3 பேர். அங்கு வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதினவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவருடைய கட்டுரையில் பாதி அடிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

ஒளி வீசிய முகம்

முதலில் அந்த 29 பேர். நடிகர் பெயரை நான் இங்கு சொல்லப் போவதில்லை. சொன்னால் கைதட்டலிலேயே கால் மணி நேரம் போய்விடும். ஒரு தோழர், "அவர் வண்டியைவிட்டு இறங்கி உள்ளே நடந்து வந்தபோது முகத்தில் ஓர் அலாதியான ஒளி வீசிற்று" என்று எழுதியிருக்கிறார். வீசாமல் என்ன செய்யும்? அதே கட்டுரையில் இரண்டு பக்கம் தள்ளி, அங்கே பத்துக் கிலோவாட் விளக்குகள் இரண்டு எரிந்துகொண்டிருந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். நம் வீட்டு மின்விசிறிக்கு 75 வாட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு விளக்குக்கு ஆகிற மின்சாரத்தில் 130 விசிறிகளுக்கு மேல் ஓடும். அவ்வளவு வெளிச்சத்தை யார் முகத்தில் அடித்தாலும், ஏன், என் முகத்தில் அடித்தாலுங்கூட, ஒளி வீசத்தான் செய்யும். விளக்கையும் பார்த்தீர்கள், ஒளியையும் பார்த்தீர்கள்; இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் மறந்துவிட்டீர்கள்.

இன்னொருவர், "அவரை இருபதடி தூரத்தில் பார்த்ததே பிறவிப் பயன்" என்கிறார். இருபது வயதுப் பிள்ளைக்கு இருபதடியில் பிறவிப் பயன் கிடைத்துவிட்டால் மீதி வாழ்நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் அவரைக் கேட்கிறேன். நடிகர்மீது எனக்கு யாதொரு கோபமும் இல்லை. நடிப்பு ஒரு தொழில்; அதிலும் கஷ்டமான தொழில். அவர் அன்றைக்கு ஒரே வசனத்தைப் பதினோரு தடவை சொன்னார் என்று உங்களில் ஒருவர் எண்ணி எழுதியிருக்கிறார். 29 கட்டுரைகளிலும் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான். ஒரு மனிதன் பதினோரு தடவை தவறி, பதினோரு தடவை திருத்திக்கொள்ளுகிறான் என்பது அவனுடைய உழைப்பைக் காட்டுகிறது. ஆனால் மீதிப்பேர் உழைப்பைப் பார்க்கவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதைத்தான் பார்க்க முடியும்? ஸ்டூடியோவுக்குப் போனதன் பலனே, வெள்ளித்திரையில் முடிந்த சரக்காகப் பார்க்கிறதை அங்கே முடியாத சரக்காகப் பார்ப்பதுதான். வெளியில் நின்று பார்க்கக்கூடிய நடிகரை உள்ளேயும் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு நாள் படிப்பைக் கெடுத்திருக்க வேண்டியதில்லை.

யந்திரமும் தந்திரமும்

யந்திரங்களைப்பற்றி எழுதின 7 பேர் உண்மையில் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண், வினாடிக்கு 24 படம் என்ற கணக்கில் இரண்டரை மணி நேரப் படத்திற்கு 2,16,000 படங்கள் வேண்டும் என்று தானே பெருக்கிக் காட்டியிருக்கிறார். சரியான கணக்கு. ஆனால் இரண்டு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று: ஒரு படம் கண்ணில் சிறிது நேரம் தங்கிவிடுவதால்தான் அடுத்த படத்தோடு சேர்ந்து அசைவதாகத் தெரிகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பழைய பாடப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். வெறுமனே கண்ணில் தங்குவதாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பத்தான் வேண்டும். சற்றே மாறுபட்ட படங்கள் வேகமாக வரும்போது, அவைகளுக்கிடையே அசைவு இருப்பதாக மூளையே கட்டிக்கொள்ளுகிறது என்றுதான் இன்றைய ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதாவது, திரையில் அசைவே இல்லை; அசைவு நம் தலைக்குள் இருக்கிறது. இல்லாததை இருப்பதாகக் காணும் சக்தி நமக்கு இயற்கையிலேயே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது: "காமிரா பொய் சொல்லாது" என்று ஒருவர் தலைப்பே கொடுத்திருக்கிறார். காமிரா பொய் சொல்ல ஆரம்பித்து நூற்றுமுப்பது வருஷம் ஆகப் போகிறது, தோழரே! 1895 டிசம்பர் 28இல் பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த வருஷமே, 1896இல், அதே ஊரிலிருந்த மெலியே என்ற மந்திர வித்தைக்காரர் ஓர் உருவத்தைக் காமிராவுக்கு முன்னால் மறைய வைத்துக் காட்டிவிட்டார். எப்படி? காமிராவை நிறுத்திவிட்டு, ஆளை எழுந்து போகச் சொல்லிவிட்டு, மறுபடியும் காமிராவைச் சுற்றினார். அவ்வளவுதான். தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது காமிரா சிக்கி நின்று மறுபடி ஓடியதில், பிரயாணிகள் வண்டி பிண வண்டியாக மாறிவிட்டது போலத் தெரிந்தது, அதிலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் 1902இல் சந்திரனுக்குப் போகிற படத்தை எடுத்தார். மனிதன் உண்மையில் சந்திரனில் கால் வைத்தது 1969இல். அறுபத்தேழு வருஷத்திற்கு முன்பே போய்விட்டு வந்ததாகப் படம் காட்டியும், வெள்ளைக்காரன் அந்தப் படத்திற்குச் சூடம் கொளுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை, ராக்கெட்டைச் செய்தான். இங்கே நாம் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

சமையற்காரர் ஆடிய சீதை

உங்களில் மூன்று பேர் எழுதியிருக்கிற கோயில் செட் விஷயம் எனக்கு மிகவும் ருசியாக இருந்தது. பிளைவுட்டும் தெர்மாகோலும் வைத்து ஆசாரிகள் கட்டின கோபுரம். பிளாஸ்டர் ஆப் பாரிஸில் வார்த்த அம்மன். பச்சைத் துணிக்கு முன்னால் கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கிற தேவி. அந்தத் தேவி வேஷக்காரப் பெண் இடைவேளையில் கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தேநீர் குடித்ததையும் ஒருவர் எழுதியிருக்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டு அதே தோழர், மத்தியானம் அந்தப் பிளாஸ்டர் அம்மனுக்குக் கற்பூரம் காட்டியபோது தாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டதாக எழுதுகிறார். ஏன் போட்டுக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. "எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன்" என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறாரே, அந்த நாணயத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் காலையில் அந்த அம்மனின் மூக்குக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததைத் தம் கண்ணாலேயே பார்த்தவர் மத்தியானம் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார் என்றால், பார்க்காதவர்கள் கதி என்ன என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இது இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. இந்தியாவில் முழுநீளக் கதைப்படம் எடுத்த பால்கே, 1913இல் வெளியிட்டது அரிச்சந்திரன் கதை. அதில் சந்திரமதி வேஷம் போட எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. சாலுங்கே என்று ஓட்டலில் வேலை பார்த்த ஒரு சமையற்காரர். மாதம் 10 ரூபாய் சம்பளம். பால்கே 15 ரூபாய் தருவதாகச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேலை கட்டிவிட்டார். 1917இல் 'லங்கா தகனம்' என்று ஒரு படம். அதில் அதே சாலுங்கேதான் இராமன். அதே சாலுங்கேதான் சீதை! ஒரே ஆள் புருஷனாகவும் வருகிறார், பெண்சாதியாகவும் வருகிறார். கொட்டகையிலிருந்த ஜனங்களோ இராமன் திரையில் தோன்றியதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். நான் சாலுங்கேயைக் குறை சொல்லமாட்டேன். அவர் இரண்டு ஆள் வேலையைச் செய்தார். இரட்டைச் சம்பளம் கிடைத்திருந்தால் நியாயம்.

இது படிப்பில்லாத காலத்துக் கதை என்று சொல்லிவிடாதீர்கள். 1957இல் 'மாயா பஜார்' படத்தில் கிருஷ்ணனாக வந்த என்.டி.ராமராவைப் பார்க்க, திருப்பதிக்குப் போன யாத்திரைக்காரர்கள் பஸ் பஸ்ஸாகச் சென்னையிலிருந்த அவர் வீட்டு வாசலுக்கும் வந்து நின்றார்கள். மலைமேல் பார்த்தது பேசாதது; இது பேசுகிறது என்று நினைத்தார்கள் போலும். அவர் 1983இல் ஆந்திராவுக்கு முதல் மந்திரியானார். 1975இல் 'ஜெய் சந்தோஷி மா' என்ற இந்திப் படம் வந்தது. அதுவரை நாட்டில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு தேவிக்கு, படம் ஓடின பிறகு ஊர் ஊராகக் கோயிலும் விரதமும் முளைத்தன. திரையை நோக்கிக் காசும் பூவும் வீசினார்கள். 1987இல் தூர்தர்ஷனில் இராமாயணம் ஓடினபோது, டெலிவிஷன் பெட்டிக்கே மாலை போட்டுச் சாம்பிராணி காட்டின வீடுகள் எத்தனையோ. அதன் பலனாக 1991 தேர்தலில் அந்த நாடகத்தின் சீதையும் பார்லிமெண்டுக்குப் போனார். அதே கட்சியின் பேரால் இராவணனும் பார்லிமெண்டுக்குப் போனார். புராணத்தில் தீராத சண்டை ஓட்டுப் பெட்டியில் தீர்ந்துவிட்டது.

பூசையைப் பற்றி இன்னொன்று. நல்ல நேரம் பார்த்து, காமிராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கடைசி நாளில் பூசணிக்காய் உடைப்பது சினிமாத் தொழிலில் தவறாத பழக்கம் என்று ஸ்டூடியோக்காரர் உங்களுக்குப் பெருமையாகச் சொன்னாராம். பூசை போடாமல் ஆரம்பிக்கிற தமிழ்ப்படம் அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் வருகிற படங்களில் பெரும்பாலானவை போட்ட முதலையும் எடுப்பதில்லை என்று அதே பட முதலாளிகள்தானே வருஷா வருஷம் அழுகிறார்கள்? எல்லாப் படத்திற்கும் பூசை போட்டாயிற்று. சில ஓடுகின்றன, பல படுத்துவிடுகின்றன. அப்படியானால் ஓடுவதற்கும் படுப்பதற்கும் பூசைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் ஒருவராவது அவரைக் கேட்டிருக்கலாம்.

பூச்சும் பெண்களும்

ஒரு கட்டுரையில், "கதாநாயகி நேரில் பார்க்க நம் வீட்டுப் பெண் மாதிரி மாநிறமாக இருந்தார், மேக்கப் போட்ட பிறகு ஆள் அடையாளமே தெரியாமல் வெளுத்துப் போனார்" என்று எழுதியிருக்கிறது. எழுதினவர் ஏமாற்றத்தோடு எழுதியிருக்கிறார். ஏமாற்றப்பட வேண்டியது எதனால்? நம் வீட்டுப் பெண் மாதிரி இருந்ததாலா, வெளுத்துப் போனதாலா? யந்திரத்திற்குக்கூட இந்த நிறப் பைத்தியம் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் கோடக் கம்பெனி வண்ணப் பிலிம் செய்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அட்டையில் அடித்து, அந்த முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். கறுப்பு முகங்கள் அந்தப் பிலிமில் மை அப்பினதுபோல வந்தன. அதைச் சரிப்படுத்தும் வேலை சூடுபிடித்தது, தங்கள் சரக்கின் நிறம் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் வியாபாரிகளும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் முறையிட்ட பிறகுதான்! மனிதன் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. மேசையும் மிட்டாயும் கறுத்துவிடக் கூடாது.

பெண்கள் விஷயத்தில் உங்களில் தோழியர் ஒருவர் கவனித்திருப்பது எந்த ஆண் கண்ணிலும் படவில்லை. முகத்துக்குப் பூச்சுப் போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் தலைமயிர் அலங்காரம் மட்டும் செய்தார்கள், ஏன் என்று கேட்டதற்கு "வழக்கம்" என்று பதில் வந்தது என்கிறார். அது வெறும் வழக்கமல்ல, தோழர்களே. பம்பாயில் அது சங்கத்தின் சட்டமாகவே இருந்தது. பெண்ணுக்கு மேக்கப்காரர் என்ற அட்டை கொடுக்கமாட்டோம், மயிர் அலங்காரக்காரி என்ற அட்டைதான் கொடுப்போம் என்று ஐம்பது வருஷத்திற்கு மேல் நடத்திவந்தார்கள். சாரு குரானா என்ற பெண் இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார். 2014 நவம்பரில்தான் அந்த விதி செல்லாது என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. முதலாளி வைத்த விதியல்ல அது. தொழிலாளர் சங்கம் வைத்த விதி. தொழிலாளி என்றால் குற்றமில்லாதவன் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லுகிறேன்.

அதே தோழியர், பெண்களுக்குக் கக்கூசு எங்கே என்று கேட்டபோது, ஒரு புரொடக்ஷன் ஆள் தர்மசங்கடப்பட்டுக்கொண்டு நடிகையின் வண்டியைக் காட்டினார் என்றும், துணை நடிகைகள் எங்கே போவார்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். கேரளத்தில் நீதிபதி ஹேமா கமிட்டி இதையெல்லாம் விசாரித்து 2019 டிசம்பரில் ரிப்போர்ட்டுக் கொடுத்தது. படப்பிடிப்பில் பெண்களுக்குக் கக்கூசும் உடைமாற்ற இடமும் இல்லாததையும் அதில் சொல்லியிருந்தார்கள். அதைக் கவர்ன்மெண்டு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, 2024 ஆகஸ்டில்தான், அதுவும் பல பக்கங்களை நீக்கிவிட்டு, வெளியிட்டது. நாலரை வருஷம் ஒரு கமிட்டி ரிப்போர்ட்டை அடைத்து வைத்திருந்த நாட்டில், ஒரே நாளில் இந்த விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதின ஒரு கல்லூரிப் பெண்ணை நான் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கேரளத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1920களின் கடைசியில் மலையாளத்தின் முதல் படத்தில் பி.கே.ரோசி என்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். புலைச்சி நாயர் வேஷம் போடுவதா என்று மேல்ஜாதிக்காரர்கள் கொட்டகையில் கலகம் செய்து, அந்தப் பெண்ணை ஊரைவிட்டே ஓடும்படி செய்தார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பேர் தெரியாமல் வாழ்ந்து மடிந்தார். சமையற்காரர் சீதையானபோது கும்பிட்ட நாடுதான் இது.

அடித்த பாதி

இனி அந்த இரண்டு கட்டுரைகள்.

முதலாவது எழுதின தோழரின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்லுகிறேன். அவருடைய தாய்மாமன் சினிமாவில் 22 வருஷமாக லைட்மேன். ஸ்டூடியோவில் நீங்கள் சுற்றி வந்தபோது விளக்கைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் இவரை அடையாளம் கண்டு, "என்ன மாப்பிள்ளை, மாமா சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் கூட இருந்த சிநேகிதர்களுக்காக வெட்கப்பட்டுக்கொண்டு, தெரியாதவர் போல நகர்ந்துவிட்டார். அதை அவர் எழுதியிருக்கிறார். பிறகு தனியாகப் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு, அரைமணி நேரம் பேசியிருக்கிறார். காலை எத்தனை மணிக்கு வருகிறார்கள், கால்ஷீட் தாண்டினால் என்ன கொடுக்கிறார்கள், பேட்டா எவ்வளவு, வேலையில்லாத மாதங்களில் எதைக்கொண்டு குடும்பம் நடக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கட்டுரையில்தான் இருக்கிறது. நான் படித்தவைகளில் முதல் மார்க்கு அதற்குத்தான்.

ஒரே ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளட்டும். இந்தக் கூலியும் பேட்டாவும் தானாக வந்ததல்ல. வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் போன்றவர்கள் பாடுபட்டுத் தொழில்வாரியாகச் சங்கம் கட்டினதால் வந்தது. 1981இல் மத்திய அரசாங்கம், சினிமாத் தொழிலாளியை எழுத்து மூலமான ஒப்பந்தமில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று தனிச் சட்டமே செய்தது. 2020இல் செய்த தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதைச் சேர்த்தார்கள். "உங்களிடம் எழுதின ஒப்பந்தம் இருக்கிறதா?" என்ற கேள்வியை அந்தத் தோழர் கேட்டிருந்தால் கட்டுரை பூர்த்தியாகியிருக்கும். மாமாவிடம் கேட்டாவது எழுதட்டும்.

இரண்டாவது, அந்தத் தோழியர் கட்டுரையில் அடிக்கப்பட்ட பாதி. சிவப்பு மையால் அடித்திருந்தாலும் படிக்க முடிகிறது. விளக்குகள் கட்டியிருக்கும் மேல்பலகையில் மூன்று பேர் வெறுங்காலோடு, இடுப்பில் கயிறில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு பலகையின் முனை ஆணியில்லாமல் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. மழைக் காட்சிக்காகப் பீய்ச்சின தண்ணீர் தரையில் தேங்கி நின்ற இடத்திலேயே மின்சாரக் கம்பியின் ஒட்டுப்போட்ட பாகம் கிடந்தது என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் உங்கள் ஆசிரியர் அவர்கள், "விருந்தாளியாகப் போன இடத்தில் குற்றம் காணலாகாது, மேலும் அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது" என்று எழுதியிருக்கிறார்.

ஆசிரியர் அவர்கள் இங்கே இருக்கிறார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. உங்களை அழைத்துக்கொண்டு போக மூன்று மாதம் நடையாய் நடந்தவர் அவர்தான். ஆனாலும் கேட்கிறேன்: நாம் யாருடைய விருந்தாளி? அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் மானேஜர். அன்று உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர்கள், தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர்கள், வயர் தடுக்காமல் கைபிடித்துக் கூட்டிப் போனவர்கள் எல்லாம் தொழிலாளிகள். அப்படியானால் பலகைமேல் நடக்கிறவனுக்கும் நீங்கள் விருந்தாளிதான். அவன் தலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வருவது எந்த விருந்து முறையில் சேர்ந்தது?

இது வீண் பயமல்ல. 2020 பிப்ரவரி 19இல் சென்னைக்குப் பக்கத்தில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து விழுந்து மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் உதவி டைரக்டர். 2025 சூலையில் நாகப்பட்டினம் பக்கத்தில் கார் பாய்கிற காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிர் போயிற்று. ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு நாள் துக்கம், இரங்கல், பணம். பிறகு மூன்றாம் நாள் படப்பிடிப்பு. எலுமிச்சம்பழம் வாங்குகிற காசுக்கு நாலு ஆணி வாங்கலாம் என்று ஒருவர் முதலாளியிடம் சொல்ல வேண்டும். உள்ளே வேலை செய்கிறவன் சொன்னால் மறுநாள் வேலையிருக்காது. வெளியிலிருந்து போன நீங்கள் சொன்னால் என்ன நஷ்டம்? அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது. ஒரு மனிதன் விழுந்து சாவதற்கும், நாற்பது மாணவர்களுக்கு ஒரு நாள் வேடிக்கை இல்லாமல் போவதற்கும் எது பெரிய நஷ்டம் என்று ஆசிரியர் அவர்களே சொல்லட்டும்.

ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான். சிவப்பு மையால் அடித்ததை மறுபடியும் எழுதி, அந்தக் கட்டுரையை உங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் முழுவதும் போடுங்கள். இரண்டாவது, ஸ்டூடியோ மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வசை வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம். உங்களை அனுமதித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, பலகை, கயிறு, தண்ணீரில் கிடந்த கம்பி, பெண்களின் கக்கூசு ஆகிய நாலையும், எந்தத் தேதியில், எந்த மணியில், எந்தத் தளத்தில் பார்த்தீர்கள் என்பதோடு எழுதுங்கள். பார்க்காததை ஒரு வரிகூட எழுதாதீர்கள். தொழிலாளிகள் யாருடைய பேரையும் எழுதாதீர்கள்; அந்த லைட்மேனோடு நடந்த பேச்சைப் பற்றியும் கடிதத்தில் மூச்சு விடாதீர்கள். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பதில் வந்து பலகை மாறியிருந்தால் அதையும் பத்திரிகையில் போட்டு நன்றி சொல்லுங்கள். பதில் வராவிட்டால் ஒரு நகல் தொழிலாளர் இலாகாவுக்கும், ஒரு நகல் லைட்மேன்களின் சங்கத்திற்கும் போகட்டும்.

மாணவர்கள் கடிதத்தை எவன் மதிப்பான் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்லுவது காதில் விழுகிறது. 41 பேர் கையெழுத்தோடு வருகிற கடிதத்தை, மதிக்காவிட்டாலும் மானேஜர் படிக்காமல் இருக்கமாட்டார். படித்துவிட்டு ஒருதரம் அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்ப்பார். 42ஆவது கையெழுத்து என்னுடையது. நான் அங்கு வரவில்லையாகையால், கட்டுரைகளைப் படித்தவன் என்று குறிப்பிட்டுப் போடுகிறேன். தாளும் பேனாவும் இந்த மேசைமேல் இருக்கின்றன. தளத்தின் எண் அந்தத் தோழியர் குறிப்பில் இருக்கிறது. விலாசம் ஆசிரியர் அவர்களிடம் இருக்கிறது.